மோட்டாரைக் கடைசியில் பாருங்கள்

(கோவையில் சிறு பட்டறை நடத்துவோர் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டிரில் மெஷின் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எம்.எம்.?" அடுத்தது, "எத்தனை ஹெச்.பி.?" கடைக்காரர் "13 எம்.எம்., அரை ஹெச்.பி." என்கிறார். மூன்றாவது கேள்வி விலை. பேரம் படிந்ததும் மெஷின் குட்டியானையில் ஏறிவிடுகிறது. லேத் வாங்குவதற்கு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறோம், பெட்டைத் தடவிப் பார்க்கிறோம், டயல் வைத்துப் பார்க்கிறோம். டிரில் மெஷின் என்றால் மட்டும் ஃபேன் வாங்குகிற மாதிரி வாங்கிவிடுகிறோம். துளைதானே போடப் போகிறது என்ற அலட்சியம்.

துளை மட்டும்தான் வேண்டும் என்றால் கை டிரில் போதும், விலையும் குறைவு. டிரில் மெஷினுக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது வேறு ஒரு காரியத்துக்காக. சென்டர் பஞ்ச் வைத்த இடத்திலேயே துளை விழ வேண்டும், மேல்தளத்துக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும், டிரில்லின் அளவைவிடப் பெரிதாகிவிடக் கூடாது. இந்த மூன்றையும் மோட்டார் செய்து தராது. தூண், மேசை, ஸ்பிண்டில் ஆகியவைதான் செய்து தரும். அதனால்தான் மோட்டாரைக் கடைசியில் பாருங்கள் என்று தலைப்பு வைத்தேன்.

அந்த 13 எம்.எம். என்ற எண்ணுக்குப் பல மலிவு மெஷின்களில் ஒரே ஒரு பொருள்தான்: சக்கின் வாயில் 13 மி.மீ. தண்டு நுழையும். எம்.எஸ். பிளேட்டில் 13 மி.மீ. துளையை அந்த மெஷின் முக்காமல் முனகாமல் போடுமா என்பது தனிக் கேள்வி. நல்ல உற்பத்தியாளர் "எஃகில் இவ்வளவு, வார்ப்பிரும்பில் இவ்வளவு" என்று பிரித்துச் சொல்வார். பிரித்துச் சொல்லாத இடத்தில், எழுதியிருப்பதில் முக்கால் பங்கை நம்பலாம் என்பது என் கணக்கு.

தூணிலிருந்து தொடங்குவோம்.

எம்.எஸ்.ஸில் 10 மி.மீ. டிரில்லைச் சுற்றுக்கு 0.2 மி.மீ. இறங்கும்படி அழுத்தினால், டிரில்லின் மூக்கில் ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமமான விசை விழுகிறது. கைக்கு இது தெரியாது. கைப்பிடியின் நீளம் 200 மி.மீ., உள்ளே இருக்கும் பினியனின் ஆரம் 15 மி.மீ. என்றால் நம் கை 12 கிலோ அளவுக்குத்தான் தள்ளுகிறது. மீதியை நெம்பு பார்த்துக்கொள்கிறது. 150 கிலோ கீழ்நோக்கி மேசையை அழுத்துகிறது, அதே 150 கிலோ மேல்நோக்கித் தலையைத் தூக்குகிறது. இரண்டுக்கும் நடுவில் தூண் நிற்கிறது. தலை கொஞ்சம் மேலே நிமிர்கிறது, மேசை கொஞ்சம் கீழே தொங்குகிறது. மெஷின் வாயைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் திறந்த நிலையில் போட்ட துளை சாய்ந்துதான் இருக்கும். கையை எடுத்ததும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் மெஷின் சரியாக இருக்கும், துளை மட்டும் கோணலாக இருக்கும்.

எவ்வளவு திறக்கிறது என்பது இரண்டு அளவுகளைப் பொறுத்தது. முதலாவது, தூணின் விட்டம். வளைவை எதிர்க்கும் வலு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 60 மி.மீ. தூணுக்குப் பதிலாக 73 மி.மீ. தூண், குழாயின் கனமும் அதே விகிதத்தில் கூடியிருந்தால், வலு இரண்டு மடங்குக்கும் மேல். பார்வைக்கு ஒரு விரல் தடிமன்கூட வித்தியாசம் தெரியாது. இரண்டாவது, தூணிலிருந்து ஸ்பிண்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. இந்த இடைவெளி இரட்டிப்பானால், அதே அழுத்தத்துக்குத் தூணின் வளைவால் ஸ்பிண்டில் மூக்கு நகர்வது நான்கு மடங்காகும். அகலமான பிளேட் போட வசதி என்று இந்த இடைவெளியை விரும்பி வாங்குகிறோம். வாங்கலாம். தூணும் அதற்கேற்பத் தடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒல்லித் தூணில் நீண்ட தலை மாட்டிய மெஷின்கள் சந்தையில் நிறைய வருகின்றன. ஷோரூமில் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். மேசை மேல் ஒரு மரக்கட்டையை வையுங்கள். ஸ்பிண்டிலை இறக்கிச் சக்கின் மூக்கு கட்டையைத் தொடும்படி செய்யுங்கள். மோட்டார் ஓட வேண்டாம். மேக்னெட் ஸ்டாண்டை மெஷினின் அடித்தளத்தில் நிறுத்தி, டயலின் முனையை மேசையின் முன் விளிம்புக்கு அடியில் வையுங்கள். இப்போது கைப்பிடியை, நிஜமாகத் துளை போடுவது போல, நன்றாக அழுத்துங்கள். முள் எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். பிறகு டயலைத் தலைக்கு மாற்றி அதையே செய்யுங்கள். ஒரே விலையில் இரண்டு மெஷின் இருந்தால் இரண்டிலும் செய்யுங்கள். முள் குறைவாக ஓடுகிற மெஷினை வாங்குங்கள், பெயிண்ட் எந்த நிறத்தில் இருந்தாலும். மேசையைப் பூட்டும் கைப்பிடி இறுகுகிற இடத்தில்தான் பெரும்பாலும் கள்ளம் ஒளிந்திருக்கும். அங்கே காஸ்டிங் மெல்லியதாக இருந்தால் எந்தத் தூணும் காப்பாற்றாது.

டிரில்லின் பங்கும் இதில் உண்டு. டிரில்லின் நட்டநடுவில், இரண்டு வெட்டு விளிம்புகளும் சேர்கிற இடத்தில், ஒரு குறுக்கு முனை இருக்கிறது. அது வெட்டுவதில்லை. மழுங்கிய கடப்பாரை மண்ணைப் பிதுக்குவது போல இரும்பைப் பிதுக்கித் தள்ளுகிறது. நாம் கொடுக்கும் அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதியை இந்தக் குறுக்கு முனையே தின்றுவிடுகிறது. அதனால்தான் பெரிய டிரில்லுக்கு முன்னால் சிறு துளை ஒன்று போடச் சொல்கிறார்கள். அந்தச் சிறு துளை குறுக்கு முனையின் அகலம் இருந்தால் போதும். 20 மி.மீ. துளைக்கு முன்னோடியாக 12 மி.மீ. போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பெரிய டிரில் உள்ளே கவ்வி இழுத்து முனை தெறிக்கும்.

இனி வேகம். இன்று நான் அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

டிரில் மெஷினின் பலகையில் "500 முதல் 2,800 ஆர்.பி.எம்." என்று எழுதியிருந்தால் நம் கண் 2,800க்குப் போகிறது. பார்க்க வேண்டியது அந்த 500. கணக்கு எளிது. எச்.எஸ்.எஸ். டிரில்லின் வெளி விளிம்பு எம்.எஸ்.ஸில் நிமிடத்துக்கு 25 மீட்டர் ஓடலாம். 318ஐ அந்த 25ஆல் பெருக்கி, டிரில்லின் விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். கிடைக்கும். 6 மி.மீ. டிரில்லுக்கு 1,300 வருகிறது. 10 மி.மீ.க்கு 800. 13க்கு 600. 20க்கு 400. 25க்கு 320. துளை பெரிதாகப் பெரிதாக வேகம் சரிகிறது. எஸ்.எஸ். என்றால் 25 மீட்டருக்குப் பதில் 12 மீட்டர் வையுங்கள்: 10 மி.மீ. டிரில் 380 ஆர்.பி.எம்., 13 மி.மீ. டிரில் 300. அலுமினியத்தில் 60 மீட்டருக்கு மேலும் போகலாம். ஹோல்சாவில் 50 மி.மீ. துளை எம்.எஸ். பிளேட்டில் போட 160 ஆர்.பி.எம். போதும்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு நம்மூர் பெஞ்ச் டிரில்லைப் பாருங்கள். குறைந்த வேகம் 500 அல்லது 550. அதில் 13 மி.மீ. டிரில்லைப் போட்டு எஸ்.எஸ். பிளேட்டில் இறக்கினால், ஓட வேண்டிய வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு அருகில் ஓடுகிறது. டிரில்லின் ஓரம் நீலம் பாய்கிறது. எஸ்.எஸ். வேறு, வெட்டாமல் தேய்த்தால் இறுகிக் கொள்ளும் உலோகம்; ஒருமுறை இறுகிவிட்டால் அடுத்த புது டிரில்லும் அதில் ஏறாது. உடனே டிரில் கம்பெனியைத் திட்டுகிறோம், எஸ்.எஸ். சப்ளை செய்தவரைத் திட்டுகிறோம், சாணை பிடித்த பையனைத் திட்டுகிறோம். பெல்ட் கவரைத் திறந்து புல்லியைப் பார்ப்பதில்லை.

மெதுவான வேகம் ஏன் சின்ன மெஷின்களில் இருப்பதில்லை? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு போல் மோட்டார் 1,440 சுற்று ஓடும். மோட்டாரில் 50 மி.மீ. புல்லி, ஸ்பிண்டிலில் 150 மி.மீ. புல்லி போட்டால் 480 வரும். இன்னும் குறைக்க மோட்டார் புல்லியைச் சிறிதாக்க வேண்டும். ஏ செக்‌ஷன் வி-பெல்ட்டோ 75 மி.மீ.க்குக் குறைவான புல்லியில் நிம்மதியாக ஓடாது, 50 மி.மீ. புல்லியே அதற்குச் சிறியதுதான். வழுக்கும், உள்பக்கம் வெடிப்பு விடும். ஸ்பிண்டில் புல்லியைப் பெரிதாக்கினால் தலை பானை மாதிரி ஆகிவிடும். இதற்குச் சரியான வழி, நடுவில் மூன்றாவதாக ஒரு புல்லி. இரண்டு பெல்ட், இரண்டு கட்டமாக வேகம் இறங்கும். முதல் கட்டத்தில் மூன்றில் ஒன்று, இரண்டாம் கட்டத்தில் மூன்றில் ஒன்று என்றால் 160 ஆர்.பி.எம். கைக்கு வந்துவிடும். நடுப்புல்லி உள்ள மெஷினுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். டிரில் மெஷினில் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் இதைவிடப் பிரயோஜனமான பணம் கிடையாது.

இங்கே ஒருவர் கேட்பார்: "எதற்கு இத்தனை பெல்ட்? ஒரு வி.எஃப்.டி. போட்டு நாப்பைத் திருகினால் வேகம் குறைந்துவிட்டுப் போகிறது." நானும் வி.எஃப்.டி.க்கு எதிரியல்ல. சிங்கிள் ஃபேஸ் கொடுத்து த்ரீ ஃபேஸ் மோட்டாரை ஓட்டலாம், ரிவர்ஸ் கிடைக்கும், சின்ன வேக மாற்றத்துக்கு பெல்ட் கவரைத் திறக்க வேண்டாம். ஆனால் வேகத்தைக் குறைத்த அளவுக்கு முறுக்கு விசையை அது கூட்டித் தராது. பெல்ட் கூட்டித் தரும். அரை ஹெச்.பி. மோட்டாரின் தண்டில் ஏறக்குறைய இரண்டரை நியூட்டன் மீட்டர் முறுக்கு இருக்கிறது. பெல்ட்டில் மூன்றில் ஒன்றாக இறக்கினால் ஸ்பிண்டிலில் ஏழு சொச்சம். அதற்கு மேல் வி.எஃப்.டி.யை வைத்து 160க்குக் கொண்டுவந்தால் அதே ஏழு சொச்சம்தான். நடுப்புல்லி வழியாக 160க்கு வந்தால் இருபதைத் தாண்டும். 20 மி.மீ. டிரில் எம்.எஸ்.ஸில் இறங்க 15 முதல் 20 வரை கேட்கும். வி.எஃப்.டி. மட்டும் வைத்த மெஷின் அங்கே நின்றுவிடும். போதாக்குறைக்கு மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறும். பெல்ட்டும் இருக்கட்டும், வி.எஃப்.டி.யும் இருக்கட்டும் என்றால் ராஜபோகம். கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் வி.எஃப்.டி.யைப் போட்டுப் பார்க்க வேண்டாம். அதற்கான சாதனம் அதுவல்ல.

பெல்ட் மாற்றுவது சுலபமாக இருக்கிறதா என்பதையும் கடையிலேயே செய்து பாருங்கள். ஸ்பேனர் தேடி, நான்கு போல்ட் தளர்த்தி, மோட்டாரை முட்டுக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தால், உங்கள் பட்டறையில் அந்த பெல்ட் ஒருநாளும் மாறாது. மெஷினில் பன்னிரண்டு வேகம் இருந்தும் வாழ்நாள் முழுக்க ஒரே வேகத்தில் ஓடும். ஒரு கைப்பிடியைத் தளர்த்தினால் மோட்டார் முன்னே வர வேண்டும், மற்றொன்றை இழுத்தால் இறுக வேண்டும். வேக அட்டவணை கவரின் உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்டிக்கராக இருந்தால் எண்ணெய் பட்டு உரிந்துவிடும். தகட்டில் பொறித்திருந்தால் நல்லது.

அடுத்தது ஸ்பிண்டில். இதில் இரண்டு ஜாதி. சக்கை நேராகத் திருகியோ, குட்டையான கூம்பில் தட்டியோ மாட்டுவது ஒன்று. ஸ்பிண்டிலுக்குள்ளேயே மோர்ஸ் டேப்பர் குழி உள்ளது மற்றொன்று. பட்டறைக்கு இரண்டாவதுதான் வேண்டும். நம்பர் 2 டேப்பர் இருந்தால் 23 மி.மீ. வரையிலான டேப்பர் ஷேங்க் டிரில்களைச் சக்கே இல்லாமல் நேராகச் செருகலாம். டிரில்லின் வால் சக்கில் வழுக்குகிற தொல்லை அங்கே இல்லை. சக்கின் உயரமும் மிச்சமாவதால் மேசைக்கும் டிரில்லுக்கும் நடுவில் கூடுதல் இடம் கிடைக்கும். கழற்றுவதற்கு ஒரு டிரிஃப்ட், ஒரு தட்டு. டிரிஃப்டைச் சங்கிலி போட்டு மெஷினிலேயே தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் அரம்வாலைச் செருகித் தட்டி ஸ்பிண்டிலைக் கெடுத்துவிடுவார்கள்.

இந்த டேப்பர் ஸ்டீபன் மோர்ஸ் என்ற அமெரிக்கரின் பெயரில் வழங்குகிறது. நாம் இன்று பிடிக்கிற முறுக்கு டிரில்லுக்கு 1863இல் காப்புரிமை வாங்கியவர் அவர்தான். மூன்று தாடைச் சாவிச் சக்குக்கு 1902இல் காப்புரிமை வாங்கியவர் ஆர்தர் ஜேக்கப்ஸ். பழைய மாதிரிச் சக்கை ஸ்பேனரால் இறுக்கும்போது விரல் முட்டி பெயர்ந்ததுதான் அதற்குத் தூண்டுதல் என்று சொல்வார்கள். அந்த முட்டிக்கு உலகத்துப் பட்டறைகள் எல்லாம் கடன்பட்டிருக்கின்றன.

ஸ்பிண்டிலில் பார்க்க வேண்டியது ஆட்டம். அது இரண்டு வகை; இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று சுற்றாட்டம்: சக்கில் ஒரு நல்ல நேர்த்தண்டைப் பிடித்து, டயலை வைத்துக் கையால் சுற்றினால் முள் முன்னும் பின்னும் போவது. 0.05 மி.மீ.க்குள் இருந்தால் பட்டறை வேலைக்குக் குறையில்லை. அதிகமாக இருந்தால் உடனே மெஷினைக் குறை சொல்லாதீர்கள். சக்கைக் கழற்றிவிட்டு, நெம்புமுனை டயலை டேப்பர் குழியின் உள்சுவரில் வைத்துச் சுற்றுங்கள். அங்கே 0.01, 0.02 மட்டும் ஓடினால் ஸ்பிண்டில் நல்லது, சக்குதான் கெட்டது. நல்ல சக்கு ஒன்று வாங்கிப் போட்டால் தீர்ந்தது. உள்சுவரிலேயே ஓட்டம் இருந்தால் மெஷினைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

மற்றொன்று பக்கவாட்டு ஆட்டம். கைப்பிடியை இழுத்து, ஸ்பிண்டிலைச் சுமந்து ஏறி இறங்கும் உறையான குயிலை முழுவதும் கீழே இறக்குங்கள். சக்கைக் கையால் பிடித்து முன்னும் பின்னும், இடமும் வலமும் அசையுங்கள். டக் டக் என்று சத்தம் கேட்டாலோ கைக்கு நெகிழ்வு தெரிந்தாலோ, குயில் அதன் துளையில் தேய்ந்திருக்கிறது அல்லது முதலிலேயே தளர்வாகச் செய்திருக்கிறார்கள். டிரில்லின் மூக்கு பஞ்ச் குறியைத் தொட்டவுடன் ஒரு சிறு வட்டம் அடித்துவிட்டுப் பிறகு உட்காருகிறது அல்லவா, அதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, இருபுறமும் சமமில்லாமல் சாணை பிடித்த டிரில். சில மெஷின்களில் தலையின் காஸ்டிங்கில் ஒரு வெட்டும், அதை நெருக்கும் திருகும் இருக்கும். தேய்ந்த பிறகு நெருக்கிக்கொள்ளலாம். அந்த ஒரு திருகுக்காகவே நான் சில மெஷின்களைச் சிபாரிசு செய்வதுண்டு.

இடைச்செருகலாக ஒன்று. நம் நொய்யல் கரையிலே கொடுமணல் இருக்கிறது. சங்க காலத்தில் அங்கே பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் எல்லாம் மணிகளாக்கித் துளையிட்டிருக்கிறார்கள் என்று அகழாய்வு காட்டியது. கடினக் கல்லில் நீளமாகத் துளை போடும்போது இரு முனைகளிலிருந்தும் போட்டு நடுவில் சந்திக்க வைப்பது பழைய உத்தி. ஒரே பக்கமாகப் போனால் துளை திசை மாறி ஓடிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாமும் நீளமான ஷாஃப்டில் அதையேதான் செய்கிறோம்.

மேசைக்கு வருகிறேன். வார்ப்பிரும்பு மேசை, மெஷின் போட்டுச் சமப்படுத்திய மேல்தளம் என்பதெல்லாம் எல்லோரும் பார்ப்பதே. குனிந்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஜாபைச் சி-கிளாம்ப் போட்டுப் பிடிக்க வேண்டும் என்றால் விளிம்பின் அடிப்பக்கம் சமமாக இருக்க வேண்டும். பல மேசைகளில் விளிம்பு கீழ்நோக்கி மடங்கியிருக்கும், குறுக்கே விலா ஓடும். கிளாம்பின் பாதம் எங்கும் உட்காராது. பிடிக்க வசதியில்லாத மேசையில் கையால்தான் பிடிப்பார்கள். டிரில் அடிப்பக்கம் பிய்த்துக்கொண்டு வெளியேறும் அந்தக் கணத்தில்தான் பிளேட்டைக் கவ்விச் சுழற்றும். மெல்லிய தகட்டிலும் பித்தளையிலும் இது இன்னும் மோசம். பக்கத்தில் நிற்பவரின் விரலுக்குக் கத்தி வந்துவிட்டது என்று பொருள். ஆகவே மேசையின் அடிப்பக்கம் அழகு விஷயமல்ல, பாதுகாப்பு விஷயம். டி-ஸ்லாட் இருந்தால் இன்னும் நல்லது. வைஸைப் போல்ட் போட்டு நிறுத்திவிடலாம்.

மேசை ஸ்பிண்டிலுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டம் போதாது. ஒரு கம்பியை எல் போல வளைத்துச் சக்கில் பிடித்து, நுனியில் டயலைக் கட்டி மேசை மேல் ஒரு வட்டம் சுற்றுங்கள். இடம், வலம் மாறினால் சாய்வுப் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். முன், பின் மாறினால் பெரும்பாலான மெஷின்களில் சரிசெய்ய வழியே கிடையாது. ஷிம் வைக்க வேண்டும், அல்லது வேறு மெஷின் பார்க்க வேண்டும். மேசை 45 பாகை சாயும் என்று பெருமையாகச் சொல்வார்கள். வருஷத்தில் எத்தனை முறை சாய்க்கப் போகிறீர்கள்? கோணத்தில் துளை வேண்டுமென்றால் கோண வைஸ் இருக்கிறது. சாயாத மேசை, சாயும் மேசையைவிட விறைப்பானது.

வட்டத் தூணில் ஒரு குணம் உண்டு: மேசையை ஏற்றி இறக்கினால் அது பக்கவாட்டில் திரும்பி, பிடித்து வைத்த சென்டர் போய்விடும். சின்ன சென்டர் டிரில்லில் தொடங்கி நீள டிரில்லுக்கு மாறும்போது மேசையை இறக்க வேண்டி வந்தால் வேலை போச்சு. இதற்கு மருந்து, குயில் நீளமாக இறங்குகிற மெஷின். 60 மி.மீ. இறங்கும் மெஷினில் அடிக்கடி மேசையைத் தொட வேண்டியிருக்கும். 100, 120 மி.மீ. இறங்குமானால் மேசையை ஒருமுறை பூட்டிவிட்டு எல்லா டிரில்லையும் அடுத்தடுத்து மாற்றிக்கொள்ளலாம். சதுரத் தூணில் வழுக்குக்கட்டைகள் மேல் மேசை ஏறும் பில்லர் மெஷின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இடமும் பணமும் இருந்தால் அதை வாங்குங்கள். மேசையை ஏற்ற ரேக்கும் கைப்பிடியும் கட்டாயம். அது இல்லாத மெஷினில் முப்பது கிலோ மேசையைத் தோளில் முட்டுக் கொடுத்துத் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். முதுகு வைத்தியத்துக்கு ஆகும் செலவில் நல்ல மெஷினே வாங்கலாம்.

ஆழ நிறுத்தம் இரட்டை நட்டு வைத்த திருகுத் தண்டாக இருக்கட்டும், கைப்பிடியோடு சுற்றும் வளையம் நிலைக்காது. திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் குயிலை மெதுவாக மேலே கொண்டுபோனால் போதும்.

சுவிட்ச் பற்றிச் சொல்ல வேண்டும். கரண்ட் போய் வருவது நமக்குப் பழக்கம். போனபோது டிரில் ஜாபுக்குள் இருக்கிறது, பையன் சக்கில் கை வைத்து டிரில்லை வெளியே எடுக்கப் பார்க்கிறான், கரண்ட் வருகிறது. சாதாரண சுவிட்ச் என்றால் மெஷின் தானாக ஓடத் தொடங்கும். டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் மாதிரிக் காயில் வைத்த சுவிட்ச் என்றால் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தும் வரை ஓடாது. சின்ன பெஞ்ச் டிரில்களில் பெரும்பாலும் சாதாரண சுவிட்ச்தான் வைத்து அனுப்புகிறார்கள். வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். த்ரீ ஃபேஸ் மெஷினில் ஓவர்லோடு ரிலே சரியான ஆம்பியரில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு ஃபேஸ் போய்விட்டால் மோட்டாரைக் காப்பாற்றுவது அதன் வேலை. ஜாபை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறவன் நிறுத்துவதற்குக் கால் மிதி ஒன்று வேண்டும். முழங்காலுக்கு எட்டும் சிவப்புப் பொத்தானும் சரி.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஓடும் பாகங்களை மூடிவைப்பதைக் கட்டாயமாக்கியது. சட்டம் பெரிய ஆலைகளுக்கு என்று நினைத்துப் பெல்ட் கவரைக் கழற்றி மூலையில் வைக்கிறோம். தலைமுடிக்குப் பெரிய ஆலை, சின்னப் பட்டறை என்ற பேதம் தெரியாது. இன்று பட்டறைகளில் பெண்கள் நிறைய வேலை செய்கிறார்கள். துப்பட்டாவும் பின்னலும் ஸ்பிண்டில் பக்கம் போகாதபடி முன்னால் ஒரு கண்ணாடி மறைப்பு, மேலே முழுக் கவர் இரண்டும் வேண்டும். கையுறை போட்டு டிரில் மெஷினில் நிற்கவே கூடாது. சீவல் கையைக் கிழிக்கிறதே என்று போடுகிறார்கள். சீவலைப் பிரஷ்ஷால் தள்ளுங்கள். சக்குச் சாவிக்கு ஸ்பிரிங் வைத்தது கிடைக்கிறது, கையை எடுத்தால் தானே வெளியே துள்ளிவிடும். மறந்து விட்ட சாவி எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"இதிலேயே மில்லிங்கும் செய்துகொள்ளலாமா?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார்கள். வேண்டாம். டேப்பரில் சக்கு நிற்பது, அழுத்தம் மேல்நோக்கி இருக்கும் வரைதான். எண்ட் மில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் அதிர்ந்து அதிர்ந்து சக்கு கழன்று, கட்டரோடு ஓடிக்கொண்டே கீழே விழும். மில்லிங் மெஷினில் மேலிருந்து ஒரு நீளப் போல்ட் இழுத்துப் பிடித்திருக்கும். இங்கே அது இல்லை.

லேசர் குறி, உள்ளே வைத்த விளக்கு, டிஜிட்டல் வேகம் காட்டி எல்லாம் சும்மா வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்ச் குறியில் டிரில் மூக்கை உட்கார வைப்பது கையும் கண்ணும் செய்கிற வேலை. ஐ.டி.ஐ. பாடப் புத்தகத்தில் இந்த மெஷினுக்கு சென்சிடிவ் டிரில் என்றே பெயர். வெட்டுவதைக் கை உணர்கிறது என்பதால் வந்த பெயர். கைப்பிடி உருளலில் கரகரப்பு இருந்தாலோ, ரேக்கில் தளர்வு இருந்தாலோ அந்த உணர்வு போய்விடும். 3 மி.மீ. டிரில் உடையப் போகிறது என்பதைக் கை முன்கூட்டியே சொல்லும், சொல்லவிடுகிற மெஷினாக இருந்தால்.

கடைசியாக, புதிதா பழையதா? பட்டாலாவிலும் ராஜ்கோட்டிலும் செய்த பழைய பில்லர் மெஷின்கள் நம் பழைய இரும்புக் கடைகளில் வருகின்றன. மேசையில் பத்துத் துளை தவறிப் போட்டிருப்பார்கள், பெயிண்ட் உதிர்ந்திருக்கும். அதெல்லாம் பொருட்டில்லை. மேசைத் துளைகளை அடைத்துக்கொள்ளலாம், பேரிங் மாற்றலாம், மோட்டாரைச் சுற்றிக்கொள்ளலாம். குயில் துளை தேய்ந்திருந்தால், டேப்பர் குழி சொரசொரத்திருந்தால், தலைக் காஸ்டிங்கில் வெல்டிங் தடம் தெரிந்தால் வேண்டாம். இந்த மூன்றும் சரியாக இருக்கிற பழைய 25 எம்.எம். மெஷின், அதே விலைக்கு வருகிற புது 13 எம்.எம். மெஷினைவிட எப்போதும் மேல் என்பேன். பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கை வைஸுக்கும் சக்குக்கும் டிரில்லுக்கும் ஒதுக்கி வையுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு டயல், ஒரு மேக்னெட் ஸ்டாண்ட், நீங்களே சாணை பிடித்த ஒரு 10 மி.மீ. டிரில், ஒரு துண்டு எஸ்.எஸ். பிளேட், ஒரு குப்பி கட்டிங் ஆயில் கொண்டு போங்கள். அவர் கடையிலேயே ஒரு துளை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பவர் கனெக்‌ஷன் இல்லை என்று சொன்னால், கனெக்‌ஷன் கொடுத்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பின் கட்டடத்தில் இரண்டு மெஷின்கள் வைத்திருக்கிறோம், ஒன்றில் குயில் தேய்ந்திருக்கிறது. எது என்று நான் சொல்லப் போவதில்லை. டயல் அங்கேயே இருக்கிறது, காபிக்குப் பிறகு வாருங்கள்.